மூன்று மா நிலமும் இரண்டு சிறுநீரகங்களும்

1

அண்ணன் வாரத்துக்கு ஒரு தடவைதான் டயாலிசிஸுக்குப் போகிறார் என்பது எனக்கு ரொட்டிக்கடை வரிசையில் தெரியவந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. நான் இருக்கும் ஜெர்மன் ஊரில் ஞாயிறன்று மாதா கோயிலும் ரொட்டிக்கடையும் மட்டும்தான் திறந்திருக்கும், கூட்டம் ரொட்டிக்கடையில்தான். கைப்பேசியில் அண்ணி. குரலைத் தாழ்த்திப் பேசினார். பின்னால் மாடு கத்தியது. வீட்டுக்குள்ளிருந்து பேசாமல் கொட்டகைக்கு வந்து பேசுகிறார் என்று புரிந்தது.

"பிலோமி, நான் சொன்னேன்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லிடாதம்மா. வாரம் மூணு தடவை வரச் சொல்லியிருக்காங்க. மொதல்ல ஒழுங்காத்தான் போனாரு. அப்பறம் ரெண்டாக்கினாரு. இப்ப ஒண்ணுதான். கேட்டா, எனக்கு ஒண்ணே போதும்கிறாரு. காலு வீங்கிக் கெடக்கு. படுக்க முடியல. செவுத்துல சாஞ்சு ஒக்காந்தே தூங்குறாரு."

நான் இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, உட்கார்ந்தே தூங்குகிற நோயாளிகளை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். வெளியேற வேண்டிய நீர் வெளியேறாமல் நுரையீரலில் ஏறுகிறது என்று அர்த்தம். அடுத்து என்ன நடக்கும் என்பதும் தெரியும். அண்ணியிடம் அதைச் சொல்லவில்லை.

"என்ன வேண்டும்?" என்று கடைக்காரப் பெண் ஜெர்மனில் கேட்டாள். "ஒண்ணும் வேணாம் போ" என்று தமிழில் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். நாற்பது வருஷம் ஆகிவிட்டது இந்த நாட்டுக்கு வந்து. கோபம் வந்தால் இன்னும் திருக்காட்டுப்பள்ளித் தமிழ்தான் வாயில் வருகிறது.

2

அண்ணன் பெயர் ஆரோக்கியசாமி. சிரிக்காதீர்கள். வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டு பிறந்தவர் என்பதால் அந்தப் பெயர். எழுபது வயது வரை பெயருக்கேற்றபடிதான் இருந்தார். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில், குடமுருட்டி ஆற்றுப் பாசனத்தில் எங்களுக்கு மூன்று மா நிலம். மா என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஓர் ஏக்கர். அதில் குறுவையும் சம்பாவும் வைத்தே குடும்பத்தை நடத்தினார்.

முழங்கால் வலிக்கு மெடிக்கலில் போய், "அந்த வலி மாத்திரை குடு தம்பி" என்று வாங்கிப் போட்டுக்கொள்வது அவர் வழக்கம். நடவு சமயத்தில் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இது ஒரு நாள் இரண்டு நாள் கதையில்லை, பல வருஷப் பழக்கம். ரத்தக்கொதிப்பும் இருந்திருக்கிறது, பார்த்துக்கொள்ளவில்லை. இரண்டும் சேர்ந்து சிறுநீரகத்தைத் தின்றிருக்கலாம் என்றார் டாக்டர். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்த்ததும் காரணமாக இருக்கலாம். மத்திய அமெரிக்காவில் கரும்பு வெட்டுகிறவர்களுக்கும், இலங்கையின் வறண்ட பகுதி விவசாயிகளுக்கும், ஆந்திராவின் கடலோரத்தில் ஒரு வட்டாரத்துக்கும் இதே மாதிரி சிறுநீரகம் போகிறது. ஏன் என்று யாரும் இன்னும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. உலகத்துக்குச் சோறும் சர்க்கரையும் போடுகிறவனுக்கு இந்த வியாதி வருகிறது என்பது வரைக்கும் எனக்குத் தெரிகிறது.

டயாலிசிஸ் என்றால் சிறுநீரகம் பார்க்க வேண்டிய வேலையை இயந்திரம் பார்ப்பது. கையில் ஊசி குத்தி ரத்தத்தை வெளியே எடுத்து, சுத்தம் செய்து, திரும்ப ஏற்றுவார்கள். கிட்டத்தட்ட அரை நாள் போய்விடும். உயிர் உள்ளவரை செய்துகொண்டே இருக்க வேண்டும். வாரத்துக்கு மூன்று தடவை என்பது டாக்டரின் பேராசை இல்லை, உடம்பு கேட்கும் கணக்கு. மூன்று வேளைச் சோற்றை ஒரு வேளையாக்கினால் கொஞ்ச நாள் தாங்கும், அப்புறம் தாங்காது.

அண்ணன் போய்க்கொண்டிருந்தது தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அவர்கள் நன்றாகத்தான் பார்த்தார்கள். ஆனால் ஒவ்வொரு தடவைக்கும் பணம் கட்ட வேண்டும். அறுத்த நெல்லில் முடிந்தவரை கட்டினார். பிறகு அண்ணியின் சங்கிலி போனது. பாக்கி இருந்தது நிலம் ஒன்றுதான்.

அவருடைய மகன் அந்தோணி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அவனிடம் பேசினேன். "நிலத்தை வித்துட்டு வைத்தியம் பாருங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன் அத்தை. நான் வந்து அதுல உழப் போறதில்ல. யாருக்காக வெச்சிருக்காருன்னே தெரியல" என்றான். அவன் சொல்வதிலும் தப்பில்லை.

அண்ணன் போட்ட கணக்கு வேறு. நிலத்தை விற்காமல் இருக்க வேண்டும், அதனால் இயந்திரத்தைக் குறைக்க வேண்டும். யாரிடமும் சொல்லவில்லை, தானாகவே முடிவெடுத்துவிட்டார். நிலத்துக்குப் பதிலாகத் தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுக்கொண்டிருந்தார் மனிதர்.

3

நீ பணம் அனுப்பக் கூடாதா என்று கேட்பீர்கள். அனுப்பினேன். திரும்பி வந்தது.

எங்கள் பக்கத்தில் கூடப்பிறந்தவன் தங்கைக்குக் கொடுப்பான். பொங்கலுக்குச் சீர், பிள்ளைக்குக் காதுகுத்து, தாய்மாமன் முறை. தங்கையிடமிருந்து வாங்குவது என்பது கிடையாது. நான் ஜெர்மனிக்கு வந்த பிறகும் ஒவ்வொரு பொங்கலுக்கும் எனக்கு ஒரு புடவை எடுத்து அண்ணியிடம் கொடுத்து வைத்துவிடுவார். நான் ஊருக்குப் போகும்போது மொத்தமாகக் கிடைக்கும். நான் சம்பாதித்ததில் நூறில் ஒரு பங்குகூட அவர் சம்பாதித்திருக்க மாட்டார். அதைச் சொன்னால் அடிக்க வருவார்.

"கட்டிக்குடுத்த தங்கச்சிகிட்ட கையை நீட்டி உயிரு வாழணுமா நான்?" என்றார் போனில்.

"அப்ப கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கண்ணே. அங்க காசே வாங்குறதில்ல."

"அதான் போவல."

இந்த இடத்தில்தான் எங்கள் பேச்சு ஒவ்வொரு முறையும் முட்டிக்கொண்டு நிற்கும். சும்மா கிடைக்கிற வைத்தியம் அவருக்கு வைத்தியமே இல்லை. எங்கள் சின்ன வயதில் நாட்டு வைத்தியரிடம் போனால் மருந்தை வெறுங்கையோடு வாங்கிக்கொண்டு வர மாட்டோம். வெற்றிலை பாக்கில் ஒரு காசாவது வைக்க வேண்டும், அறுப்பு நேரமென்றால் ஒரு மரக்கால் நெல். இல்லாவிட்டால் மருந்து ஒட்டாது என்பார்கள். அண்ணன் அதை இன்றும் நம்புகிறார்.

அவரைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. கன்னியாஸ்திரீகள் மூலமாக நர்ஸ் வேலைக்கு இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் எனக்குக் கடுமையான சளிக்காய்ச்சல். ஒரு டாக்டரிடம் போனேன். மார்பில் குழல் வைத்துப் பார்த்தார், மருந்து எழுதினார், போய் வா என்று கை குலுக்கினார். பணம் கேட்கவில்லை.  மருந்து எப்படி ஒட்டும்? அவர் திரும்பிய நேரம் பார்த்து மேசை ஓரத்தில் சில காசுகளை வைத்துவிட்டு வந்தேன். அவருடைய உதவியாளர் அம்மாள் பனியில் கோட்டுகூடப் போடாமல் என் பின்னால் ஓடி வந்தார். "மிஸ், உங்கள் பணத்தை மறந்துவிட்டீர்கள்!" நான் மறக்கவில்லை என்று விளக்க எனக்கு அன்று ஜெர்மன் போதவில்லை. இன்று ஜெர்மன் இருக்கிறது, விளக்க முடியுமா என்பது சந்தேகம்தான்.

இடையில் சில வருஷம் இங்கே ஒரு சட்டம் போட்டார்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் முதல் தடவை போகும்போது ஒரு சிறு தொகை கட்ட வேண்டும் என்று. ஊரே திட்டியது. நான் மட்டும் சந்தோஷமாகக் கட்டினேன். பிறகு அதையும் எடுத்துவிட்டார்கள்.

உண்மையில் இங்கே எதுவும் சும்மா இல்லை. சம்பளத்தில் ஒரு பங்கைப் பொது நிதிக்குப் பிடித்துக்கொள்வார்கள்; ஏறக்குறைய பாதி நாம், பாதி முதலாளி. அதிகச் சம்பளக்காரன் அதிகம் கட்டுவான், குறைந்த சம்பளக்காரன் குறைவாகக் கட்டுவான், படுத்துக்கொண்டால் இருவருக்கும் ஒரே ஊசி. பிரிட்டனில் நிதி கிடையாது, வரிப்பணத்திலிருந்தே அரசாங்கம் பார்க்கிறது. அமெரிக்காவில் ஆஸ்பத்திரி வாசலை மிதித்தாலே பில் வரும் என்பார்கள். அந்த நாட்டில்கூடச் சிறுநீரகம் போனவர்களுக்கு மட்டும் வயது பார்க்காமல் அநேகமாக எல்லாருக்கும் அரசாங்கம் டயாலிசிஸ் செலவைக் கட்டுகிறது. கட்டாவிட்டால் மனிதன் செத்துப்போவான் என்பது அங்கேயும் தெரிந்திருக்கிறது.

இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னேன். நீங்கள் வாங்கின தீப்பெட்டியிலும் உரமூட்டையிலும் பஸ் டிக்கெட்டிலும் வரி கட்டியிருக்கிறீர்கள், அந்தப் பணம்தான் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் மெஷினாக நிற்கிறது என்றேன். பொறுமையாகக் கேட்டார்.

"நல்லா பேசுற. மேடைல ஏத்தலாம்" என்றார். அவ்வளவுதான்.

4

அவருக்குச் 'சும்மா' என்ற சொல்லின் மேல் ஏன் இவ்வளவு கோபம் என்பது எனக்குத் தெரியும். நானும் அன்று அந்த வயல் வரப்பில் நின்றேன்.

திராவிடக் கட்சி ஆட்சிக்கு வந்த புதிது. அந்த மூன்று மாவும் அப்போது எங்களுடையது இல்லை, பெரிய மிராசுதாரின் நிலம். அப்பா குத்தகைக்குச் சாகுபடி செய்தார். குத்தகைக்காரன் பெயரைத் தாலுகாவில் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வருகிறது என்ற பேச்சு அடிபட்டது. பதிவாகிவிட்டால் அப்புறம் கிளப்ப முடியாது. அதனால் பல மிராசுகள் அதற்கு முன்பே ஆட்களை வெளியேற்றப் பார்த்தார்கள். கீழ்த்தஞ்சையில் கூலிக்காக ரத்தம் சிந்திக்கொண்டிருந்த காலம்; எங்கள் பக்கம் குத்தகைக்காக மண்டை உடைந்தது.

அறுப்பு நாளில் மிராசுதாரின் மகன் வெளியூர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வயலில் இறங்கினார். அவரை ஊரில் சின்ன மிராசு என்பார்கள். அண்ணன் வயதுதான் இருக்கும். போலீஸ் சாலையில் நின்றது. அண்ணன் விவசாயச் சங்கத்தில் சேர்ந்து சிவப்புத் துண்டு போட்டிருந்தார். வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் வழியை மறித்து நின்றார். அப்பா பயந்துபோய் அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

சின்ன மிராசு சத்தம் போடவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஆரோக்கியம், எதுக்குடா வம்பு? உங்கப்பன் எங்ககிட்ட விசுவாசமா இருந்தவன். ஒரு மா சும்மா எழுதித் தர்றேன். வெச்சுப் பொழைச்சுக்க. மத்ததை விட்டுட்டுப் போ."

அப்பாவின் கண் அதைக் கேட்டு ஒளிர்ந்ததை நான் பார்த்தேன். ஒரு மா சொந்த நிலம் என்பது அப்பாவுக்குக் கனவு.

அண்ணன் சொன்னார்: "சும்மா ஒண்ணும் வேணாங்க. உழுதவனுக்கு என்ன உரியதோ அதைக் குடுங்க. நாங்க பிச்சைக்கு வரல."

அன்று லத்தியடி பட்டது. அண்ணனுக்கு இடது தோளில் எலும்பு விலகியது. இன்றுவரை அந்தக் கையை முழுதாகத் தூக்க முடியாது. தாசில்தார், கோர்ட்டு என்று பல வருஷம் அலைந்தார். கடைசியில் குத்தகைப் பதிவு எங்கள் பெயருக்குக் கிடைத்தது. பின்னால் அந்தக் குடும்பம் நிலத்தை விற்க வந்தபோது எங்களைத் தாண்டி வேறு யாருக்கும் விற்க முடியவில்லை. அண்ணன் விலை கொடுத்துக் கிரயம் செய்தார். சும்மா வாங்கவில்லை.

அந்த மனிதரைப் போய், அரசாங்கம் சும்மா செய்கிறது, படுத்துக்கொள்ளுங்கள் என்றால் எப்படிப் படுப்பார்?

5

இதற்கு நடுவில் என் மகள் ரூத் ஒரு செய்தி சொன்னாள். அவள் இங்கேயே பிறந்தவள், கார் கம்பெனியில் என்ஜினியர். நான் வாங்கியதைவிட மூன்று மடங்கு சம்பளம். குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல் வாங்குகிறவர்கள் இங்கே பொது நிதியை விட்டு விலகித் தனியார் காப்பீட்டுக்குப் போகலாம். இளவயதில் அது மலிவு. டாக்டர் சீக்கிரம் பார்ப்பார், தனி அறை கிடைக்கும். போய்விட்டாளாம்.

"எல்லாருடனும் ஒரே பந்தியில் உட்கார உனக்கு என்ன கேடு?" என்று கேட்டேன். பந்தி என்றால் அவளுக்குத் தெரியாது. ஜெர்மனில் சொல்லப் பார்த்தேன், சாப்பாட்டு மேசையாகிவிட்டது.

"அம்மா, எனக்கு ஒரு வியாதியும் இல்லை. குடிகாரனுக்கும் புகைபிடிக்கிறவனுக்கும் நான் ஏன் கட்ட வேண்டும்?" என்றாள், ஜெர்மனில்தான். தமிழில் அவளுக்குச் சாப்பாடும் தூக்கமும் மட்டும் பேச வரும்.

"நாளைக்கு உனக்கு வயசானால் அவன் தொகையை ஏற்றுவான். திரும்பி வர நினைத்தால் சேர்க்க மாட்டார்கள்."

"அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்."

ஒருத்தருக்கு எல்லாரோடும் சேர்ந்து கட்டப் பிடிக்கவில்லை. இன்னொருத்தருக்கு எல்லாரோடும் சேர்ந்து வாங்கப் பிடிக்கவில்லை. இரண்டு பேரும் என் ரத்தம். நடுவில் நான் மட்டும் இரண்டு பக்கமும் திட்டிக்கொண்டிருந்தேன். அந்த வாரம் விமான டிக்கெட் எடுத்தேன். மாமாவைப் பார்க்க நீயும் வருகிறாயா என்று ரூத்தைக் கேட்டேன். வேலை இருக்கிறது என்றாள். மாமாவுக்குக் கொடுக்கச் சொல்லி நல்ல கம்பளிப் போர்வை ஒன்று வாங்கித் தந்தாள். திருக்காட்டுப்பள்ளி வெயிலுக்குக் கம்பளிப் போர்வை! வாங்கிக்கொண்டேன், பாவம்.

6

ஊர் போய்ச் சேர்ந்தபோது அண்ணனின் முகம் மண்நிறமாகி ஊதியிருந்தது. வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கினார். அந்த நிலையிலும், "எளைச்சுட்டியே பிலோமி, அந்த ஊர்ல சோறு போடறதில்லையா?" என்றார்.

மறுநாள் அவரிடம் சொல்லாமல் அண்ணியையும் அழைத்துக்கொண்டு தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஜெர்மன்காரர்கள் தாளைக் கும்பிடுகிறவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், நம் ஊரும் சளைத்ததில்லை. ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை, வருமானச் சான்று, பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு, எல்லாவற்றுக்கும் நகல். கவுண்டரில் இருந்த இளைஞர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினார். "எல்லாம் சரிதாம்மா. பேஷண்ட் எங்க?"

"வர மாட்டேங்கிறாரு" என்றார் அண்ணி.

"வராம நாங்க பேப்பருக்கா டயாலிசிஸ் பண்றது?" என்று சிரித்துவிட்டு, "கூட்டிட்டு வாங்கம்மா, இடம் ஒதுக்கித் தர்றோம்" என்றார்.

வார்டை ஒரு முறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று உள்ளே எட்டிப் பார்த்தேன். நர்ஸுக்கு அந்தப் பழக்கம் போகாது. வரிசையாகக் கட்டில், ஒவ்வொன்றுக்கும் ஓர் இயந்திரம். ஜன்னலோரக் கட்டிலில் ஒரு வயசாளி கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். உடம்பு பாதியாகிவிட்டது. ஆனால் அந்த மூக்கையும் நெற்றியையும் எங்கள் ஊரில் யாரும் மறக்க முடியாது. அண்ணி என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார்.

சாயங்காலம் அண்ணனிடம் போய் உட்கார்ந்தேன்.

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேண்ணே."

"அண்ணி மூஞ்சியைப் பாத்தப்பவே தெரிஞ்சுது. அதை விடு."

"சின்ன மிராசு அங்க படுத்திருக்காரு. டயாலிசிஸ்ல."

அண்ணன் வாய்க்கால் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவனா? அங்கயா?"

"ஆமாண்ணே. நாங்க ரெண்டு பேரும் பாத்தோம்."

"காசு குடுத்தா, சும்மாவா?"

"சும்மாதான். அங்க யாருகிட்டயும் வாங்குறதில்ல."

"எத்தனை தடவை?"

"வாரம் மூணு."

அவர் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். அந்தப் பழைய மதகுக் கோபம் முகத்தில் ஏறுவதைக் கண்ணால் பார்த்தேன். ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஆகியும் அது அப்படியே இருந்தது.

"அவன் மூணு தடவை போய்ச் சும்மா படுத்துக்கறான், நான் ஒரு தடவை காசு குடுத்துட்டு மூச்சு வாங்கிக்கிட்டு ஒக்காந்திருக்கேன். இது எந்த ஊரு நியாயம்? அவனுக்கு மூணுன்னா எனக்கும் மூணு. கம்மியா ஒண்ணும் வாங்க மாட்டேன்." அப்புறம் உள்ளே திரும்பிக் கத்தினார். "இந்தா புள்ள, காலைல மொத பஸ் எத்தனை மணிக்கு?"

அண்ணி அடுப்படியில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் இத்தனை நாள் பேசிய வரிக்கணக்கு எல்லாம் எங்கே போயிற்று என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பிச்சை என்றால் தொடமாட்டார். பங்கு என்றால் ஒரு பிடிகூட விடமாட்டார். அவருக்கு நான் அதைப் பங்கு என்று சொல்லத் தெரியாமல் நாடு நாடாக உதாரணம் காட்டிக்கொண்டிருந்தேன்.

7

சின்ன மிராசுக்குப் பக்கத்துக் கட்டில்தான் கிடைத்தது. நாங்கள் ஏற்பாடு செய்யவில்லை, காலியாக இருந்தது அதுதான்.

அவர் கண்ணைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். "யாரு, ஆரோக்கியமா?"

"ஆரோக்கியசாமி" என்றார் அண்ணன்.

"ஒனக்கும் வந்துருச்சா?"

"எனக்கும்தான் வந்துருச்சு."

பிறகு இயந்திரங்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. நான் காலடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் சின்ன மிராசுதான் கூரையைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தார். முதலில் சென்னையில் பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் பார்த்தாராம். மகன் ஆஸ்திரேலியாவில், பணம் அனுப்புவதாகச் சொன்னானாம். ஆற்றுக்குத் தெற்கே இருந்த நஞ்சை முழுவதும் போய்விட்டது, வீடும் தோப்பும்தான் மிச்சம் என்றார்.

"உங்க சங்கம் கொடி புடிச்சு வாங்க முடியாததை இந்த மெஷின் வாங்கிடுச்சு" என்றார்.

அண்ணன் தலையைத் திருப்பி அவர் முகத்தைப் பார்த்தார். 

"அந்த மூணு மா இருக்கா?" என்று கேட்டார் சின்ன மிராசு.

"இருக்கு."

"வித்துடாத."

ஒரு மாதம் இருந்தேன். அண்ணனின் கால் வற்றியது. முகம் பழைய நிறத்துக்கு வந்தது. பாயில் படுத்துத் தூங்கினார். அந்தக் குறட்டையைக் கேட்க அண்ணி எழுந்து உட்கார்ந்திருப்பார். வார்டில் இரண்டு கிழவர்களும் சண்டை போட ஆரம்பித்திருந்தார்கள். அன்று போலீஸைக் கூப்பிட்டது யார், முதலில் கை வைத்தது யார் என்று. "ரெண்டு பேருக்கும் பிரஷர் ஏறுது, வாயை மூடுங்க தாத்தா" என்று நர்ஸுகள் அதட்டுவார்கள். கொஞ்ச நேரம் அடங்கியிருப்பார்கள். மறுபடி தொடங்குவார்கள்.

ஜெர்மனிக்குத் திரும்பி இப்போது ஆறு மாதமாகிறது. ரூத் தனியார் காப்பீட்டிலேயே இருக்கிறாள். மாமாவுக்கு எப்படி இருக்கிறது என்று மட்டும் வாரா வாரம் கேட்கிறாள், அதுவரைக்கும் எனக்கு ஆறுதல்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணனே கூப்பிட்டார். மூச்சு வாங்காமல் பேசினார். சின்ன மிராசு இரண்டு முறையாக வரவில்லையாம். கார் ஓட்டுகிற பையன் வேலையை விட்டுவிட்டானாம், மகன் போனை எடுப்பதில்லையாம், போதும் விடு என்று படுத்துவிட்டாராம். அண்ணன் அந்த வீட்டுக்கே போயிருக்கிறார். எங்கள் குடும்பத்தில் யாரும் முன்வாசல் வழியாக அந்த வீட்டுக்குள் போனதில்லை.

"கூடத்துல நின்னு கத்தினேன். எந்திரிங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னேன். வரல, நீ போன்னான். மொரண்டு புடிச்சான். சட்டையைக் குடுத்துப் போடச் சொல்லி, கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்தேன். கண்டக்டரு நம்ம ஆளு, வண்டியை நிறுத்தி வெச்சிருந்தான். இனிமே நான்தான் கூட்டிட்டுப் போவேன்னு சொல்லிட்டேன்."

"ஏண்ணே, அவர் போனாப் போறாரு. உங்களுக்கென்ன?" என்று வேண்டுமென்றே சீண்டினேன்.

"நல்லா கேட்ட. அவன் போயிட்டா அங்க நான் யாருகூட சண்டை போடறது?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.  பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அவன் வராத ரெண்டு நாளும் பக்கத்துக் கட்டில் காலியாக் கெடந்துச்சு பிலோமி. அன்னைக்குத்தான் எனக்கு ஊசி வலிச்சுது."